செங்கடலைக் கடந்தவர்கள் ஏன் நம்பவில்லை? வனாந்தரத் தலைமுறை பற்றி ஒரு கேள்வி

கூடாரவாசி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபை வாலிபர் வேதபாடத்தில் யாத்திராகமம் முடிந்து எண்ணாகமம் போய்க்கொண்டிருக்கிறது. நான்தான் நடத்துகிறேன். பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் சொல்வது இதுதான்: "எவ்வளவு நன்றிகெட்ட ஜனம்! கடல் பிளந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு மூன்றாம் நாளே முறுமுறுக்கிறார்களே." நாம் கேட்டு வளர்ந்த பிரசங்கங்களிலும் பெரும்பாலும் இதேதான்.

வரிசையாக வாசித்தால் எனக்கு அப்படி எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை. கடலைத் தாண்டி சூர் வனாந்தரத்தில் மூன்று நாள் தண்ணீரே இல்லை. கடைசியில் மாராவில் கிடைத்த தண்ணீர் கசப்பு. எகிப்தை விட்டு சரியாக ஒரு மாதம் ஆனபோது (இரண்டாம் மாதம் 15ஆம் தேதி என்று யாத். 16:1 சொல்கிறது) சீன் வனாந்தரத்தில் சாப்பாடு இல்லை. அப்புறம் ரெவிதீமில் மறுபடியும் தண்ணீர் இல்லை. கைக்குழந்தைகளோடும் ஆடுமாடுகளோடும் நடக்கிறவர்கள். தாகத்தில் கேட்டது குற்றமா? அதே சமயம் சங்கீதம் 95ம் எபிரெயர் 3ம் இவர்களைக் கடுமையாகத்தான் பேசுகின்றன.

இவர்களால் நம்ப முடியாமல் போனதற்கு உண்மையான காரணம் என்ன? பிள்ளைகளுக்கு "அவர்கள் மோசமானவர்கள்" என்பதைத் தாண்டி ஏதாவது சொல்ல விரும்புகிறேன்.

திராட்சைக்கொடி

சகோதரி, சங்கீதம் 106 காரணத்தைச் சொல்லிவிட்டதே. 12ஆம் வசனத்தில் அவருடைய வார்த்தைகளை விசுவாசித்துப் பாடினார்கள். 13ஆம் வசனத்தில் சீக்கிரமாய் மறந்தார்கள். மறதிதான் வேர். கண்டதை நினைவில் வைக்காத இருதயம் அடுத்த நெருக்கடியில் விழும்.

பிள்ளைகளிடம் இதை மென்மையாக்க வேண்டாம் என்பது என் கருத்து. 20 வயதுக்கு மேற்பட்டு எண்ணப்பட்டவர்கள் 6,03,550 பேர். அவர்களில் காலேபும் யோசுவாவும் தவிர ஒருவரும் கானானுக்குள் போகவில்லை. வேதம் இவ்வளவு கனமாகச் சொல்வதை நாம் "பாவம், தாகம்" என்று கரைத்துவிடக் கூடாது.

ஓரேப்_வாசகன்

இரண்டு பேருடைய கவலையும் நியாயமானது. ஆனால் எல்லா முறுமுறுப்பையும் ஒரே கூடையில் போடுவதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. வேதமே அப்படிப் போடவில்லை.

சீனாய்க்கு முன்னால் நான்கு இடங்களில் ஜனம் கலங்குகிறது. கடற்கரையில் பார்வோனின் ரதங்களைக் கண்டபோது "எகிப்திலே பிரேதக்குழிகள் இல்லையென்றா" என்று கேட்டார்கள். அப்புறம் மாரா, சீன் வனாந்தரம், ரெவிதீம். இந்த நான்கிலும் ஒரு ஆள்கூட சாகவில்லை. பேச்சு எவ்வளவு கடுமையாக இருந்தாலும் பதில் என்ன? கடல் பிளந்தது, தண்ணீர் மதுரமானது, மன்னாவும் காடையும் வந்தன, கன்மலை தண்ணீர் தந்தது. ரெவிதீமில் மோசே "என்மேல் கல்லெறியப் பார்க்கிறார்களே" என்று அலறுகிற அளவுக்கு நிலைமை போனது. அங்கேயும் தண்ணீர்தான் வந்தது. தண்டனை வரவில்லை.

சீனாயில் ஏறத்தாழ ஒரு வருஷம் தங்குகிறார்கள். உடன்படிக்கை நடக்கிறது. கன்றுக்குட்டி விவகாரமும் அங்கேதான். ஆசரிப்புக் கூடாரம் நிற்கிறது, மேகம் அதன்மேல் இறங்குகிறது. இரண்டாம் வருஷம் இரண்டாம் மாதம் 20ஆம் தேதி புறப்படுகிறார்கள். புறப்பட்டவுடன் தபேராவில் முறுமுறுப்பு, உடனே அக்கினி. அடுத்தது கிப்ரோத் அத்தாவா. அங்கேயும் காடை வருகிறது, ஆனால் இறைச்சி பற்களின் நடுவே இருக்கும்போதே வாதை. சீன் வனாந்தரத்தில் வந்த அதே காடைதான்.

என்ன மாறியது? சீனாய்க்கு முன் அவர்களுக்குக் கர்த்தர் யார் என்றே சரியாகத் தெரியாது. நானூறு வருஷம் எகிப்தின் தெய்வங்களைப் பார்த்தவர்கள். புதிதாகக் கையைப் பிடித்தவர் நடுவழியில் விட்டுவிடுவாரோ என்று பயப்படுகிறவர்களிடம் கர்த்தர் பொறுமையாக இருந்தார். சீனாய்க்குப் பின் அவர்கள் உடன்படிக்கைக்காரர்கள். மேகம் கண்ணெதிரே நிற்கிறது, மன்னா தினமும் வாசலில் விழுகிறது. அதன்பின் அதே வார்த்தையைச் சொல்வது வேறு காரியம்.

யாத். 13:17ஐயும் பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டுங்கள். பெலிஸ்தர் வழி கிட்டத்து வழி. யுத்தத்தைக் கண்டால் மனம் மாறி எகிப்துக்குத் திரும்பிவிடுவார்கள் என்று தேவனே அவர்களைச் சுற்றுவழியில் நடத்தினார். அவர்களுடைய பலவீனத்தைக் கணக்கில் வைத்துத்தான் பாதையே போடப்பட்டிருக்கிறது.

விடியல்_தேடி

இந்த இழையை மௌனமாக வாசித்துக்கொண்டிருந்தேன். ஓரேப் அண்ணன் சொன்ன கடைசி வரிக்காக எழுதுகிறேன்.

செங்கல் சூளைகளிலிருந்து மீட்கப்பட்ட கொத்தடிமைக் குடும்பங்களோடு என் வேலை. 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி விடுதலைச் சான்றிதழ் கையில் வந்துவிட்டால் முன்பணக் கடன் செல்லாது. அன்றிலிருந்து அவர்கள் யாருக்கும் அடிமை இல்லை. ஆனால் ஊருக்குத் திரும்பிய கொஞ்ச நாளில் ரேஷன் அட்டை இன்னும் வரவில்லை, கூலிவேலை கிடைக்கவில்லை என்றால் முதலில் வருகிற பேச்சு, "அங்கேயாவது சனிக்கிழமை செலவுக்காசு கொடுப்பார்கள்" என்பதுதான். அடித்த இடம் அது. காய்ச்சலிலும் கல் அறுக்க வைத்த இடம். அதையெல்லாம் மறந்து பேசவில்லை. அடியும் நினைவிருக்கிறது, காசும் நினைவிருக்கிறது. பசிக்கும்போது காசு முன்னால் வந்து நிற்கிறது.

இன்னொன்று. உதவிக்கு வருகிற எங்களையும் முதலில் நம்பமாட்டார்கள். ஏன் நம்ப வேண்டும்? முன்பணம் கொடுத்த தரகரும் முதல் நாள் இப்படித்தான் அன்பாகப் பேசியிருப்பார். "கூட்டிக்கொண்டு போகிறேன், நன்றாக வைத்துக்கொள்கிறேன்" என்ற வார்த்தையால்தான் அவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

இஸ்ரவேலரும் செங்கல் அறுத்தவர்கள்தான். வைக்கோலும் கொடுக்காமல், கணக்கையும் குறைக்காமல் வேலை வாங்கினான் பார்வோன் (யாத். 5). அதிகாரத்தில் இருக்கிறவர் நமக்கு நல்லது நினைப்பார் என்ற அனுபவமே அந்தத் தலைமுறைக்கு இல்லை. அதனால் "மறந்தார்கள்" என்பது எனக்குப் போதவில்லை.

திராட்சைக்கொடி

விடியல்_தேடி சொல்வது மனதைத் தொடுகிறது. உங்கள் ஊழியத்துக்காக ஸ்தோத்திரம்.

ஆனாலும் ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். காலேப் எங்கிருந்து வந்தான்? அதே செங்கல் சூளையிலிருந்துதான். காதேசிலிருந்து கானானை வேவுபார்க்க 12 பேரில் ஒருவனாகப் போனபோது அவனுக்கு 40 வயது (யோசுவா 14:7). ஆகவே வாழ்க்கையில் பெரும்பகுதியை அடிமையாகவே கழித்தவன். அதே அடி, அதே பசி, அதே மூன்று நாள் தாகம். அவன் நம்பினான். யோசுவாவும் நம்பினான். அடிமைத்தனம் விசுவாசத்தை முடியாததாக ஆக்கிவிட்டது என்றால் இந்த இரண்டு பேருக்கும் கணக்கு வராதே. காரணம் காட்டலாம். காரணம் பொறுப்பை எடுத்துவிடாது.

கூடாரவாசி

ஐயா, இந்தக் கேள்வியை என் வகுப்பிலும் ஒரு பையன் கேட்டான். ஆனால் அவன் கேட்டது எதிர்ப்பக்கமிருந்து: "12 பேரில் 2 பேர்தானே நம்பினார்கள்? அப்படியானால் 10 பேர் நம்பாததுதானே இயல்பு?" பதில் சொல்லத் திணறினேன். இங்கே யாராவது அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மண்_அடுக்கு

நான் இந்தப் பகுதியை வரலாற்றுப் பக்கத்திலிருந்து வாசிக்கிறவன். விசுவாசத்தோடு மோத வரவில்லை. பின்னணி உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

எண். 11:5ல் வரும் பட்டியலைப் பாருங்கள்: "கிரயமில்லாமல் சாப்பிட்ட மச்சங்களையும், வெள்ளரிக்காய்களையும், கொம்மட்டிக்காய்களையும், கீரைகளையும், வெண்காயங்களையும், வெள்ளைப் பூண்டுகளையும் நினைக்கிறோம்." இது கற்பனை ஏக்கம் இல்லை. எகிப்தில் அரசு வேலையாட்களுக்குக் கூலி பணமாக வராது. தானியம், மீன், காய்கறி, எண்ணெய், துணி என்று படியாகத்தான் வரும். பார்வோன்களின் கல்லறைகளை வெட்டிய தேர் எல் மெதினா ஊர்த் தொழிலாளிகள், மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆட்சியாண்டில் (ஏறக்குறைய கி.மு. 1157) படி வராமல் வேலையை நிறுத்திவிட்டுப் போய் உட்கார்ந்தார்கள். அவர்களுடைய முறையீடு ஒரு பாப்பிரஸ் சுருளில் இருக்கிறது. பசியாலும் தாகத்தாலும் வந்தோம், துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை என்கிறார்கள். அவர்கள் கைத்தொழில் வல்லுநர்கள், அடிமைகள் இல்லை. இருந்தாலும் மீனும் காய்கறியும் அந்த நாட்டு உழைப்பாளியின் சாப்பாட்டில் எங்கே இருந்தன என்பது இதில் தெரிகிறது.

மன்னாவுக்கும் ஒரு விளக்கம் உண்டு. சீனாயில் தமரிஸ்க் மரங்களில் வாழும் செதில்பூச்சிகள் இனிப்பான துளிகளைச் சுரக்கின்றன, அவை இரவுக் குளிரில் உறைந்து தரையில் கிடக்கும். எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போடன்ஹைமரும் தியோடரும் 1927ல் போய் இதை ஆராய்ந்தார்கள். காடைகளும் இலையுதிர்காலத்தில் மத்தியதரைக்கடலைத் தாண்டிக் களைத்துப்போய் சீனாயின் வடகரையில் விழும். வலை வைத்துப் பிடிப்பார்கள்.

காதேஸ் பர்னேயா என்று பெரும்பாலோர் கருதுகிற இடம் ஐன் எல் குதைராத், நல்ல ஊற்றுள்ள பள்ளத்தாக்கு. 1976 முதல் 1982 வரை ருடால்ஃப் கோஹன் அங்கே தோண்டினார். கிடைத்த கோட்டைகளில் பழையது கி.மு. 10ஆம் நூற்றாண்டு. அதற்கு முந்தைய பெருங்கூட்டம் தங்கிய தடயம் இல்லை. கூடாரத்தில் நடமாடுகிறவர்கள் மண்ணில் அதிகம் விட்டுச்செல்வதில்லை என்று ஒரு பக்கம் சொல்வார்கள், இவ்வளவு பேர் இருந்தால் ஏதாவது கிடைத்திருக்க வேண்டும் என்று இன்னொரு பக்கம்.

ஓரேப்_வாசகன்

தேர் எல் மெதினா செய்தி மிகவும் பயனுள்ளது, நன்றி. "கிரயமில்லாமல்" என்ற வார்த்தையின் கசப்பு இப்போதுதான் முழுசாக உறைக்கிறது. தங்கள் உயிரையே கிரயமாகக் கொடுத்தவர்கள் பேசுகிறார்கள்.

மன்னா பற்றி மட்டும் ஒரு வார்த்தை. பூச்சிச் சுரப்பு கோடைத் தொடக்கத்தில் சில வாரம் மட்டும் கிடைக்கும், அளவும் கொஞ்சம். வேதம் சொல்வது 40 வருஷம், ஆளுக்கு ஒரு ஓமர் அளவு, ஆறாம் நாள் இரட்டிப்பு, ஏழாம் நாள் இல்லை. வாரத்தில் நாள் பார்த்து நிற்கிற பூச்சி கிடையாது. கதையின் எடை முழுவதும் அந்த ஒழுங்கில்தான் இருக்கிறது. மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மீதியில்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைவில்லை.

மட்டுறுத்துநர்

வரலாற்றா இல்லையா என்ற விவாதத்துக்குத் தனிப் பகுதி இருக்கிறது. இங்கே கூடாரவாசியின் கேள்வியோடு நிற்போம்.

விடியல்_தேடி

மன்னாவை மறுநாளுக்கு எடுத்து வைக்காதே என்று சொல்லியும் சிலர் வைத்தார்கள், பூச்சி பிடித்து நாறிப்போனது (யாத். 16:20). இதைக் கீழ்ப்படியாமைக்கு உதாரணமாக மட்டுமே கேட்டிருக்கிறேன். நாளைக்குச் சாப்பாடு வரும் என்று யாரும் உறுதி கொடுக்காத வாழ்க்கையிலிருந்து வந்தவர், கிடைத்ததில் கொஞ்சம் ஒளித்து வைக்காமல் தூங்கமாட்டார்.

அந்த இடத்தில் கர்த்தர் என்ன செய்கிறார் என்பதுதான் எனக்கு முக்கியம். மோசே கோபப்படுகிறார். கர்த்தர் அந்த ஆட்களை ஒன்றும் செய்யவில்லை. மறுநாள் காலையிலும் மன்னா விழுகிறது. ஒளித்து வைத்தவர் வாசலிலும் விழுகிறது. நம்பு என்று பிரசங்கம் பண்ணுவதைவிட, 40 வருஷம் ஒரு நாளும் தவறாமல் சாப்பாடு போடுவது ஒருவரை நம்ப வைக்கும். ஒரே ராத்திரியில் வராது.

அருள்_ஓடை

நான் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவன். எங்கள் விவிலியத்தில் இந்த நூலுக்கு எண்ணிக்கை என்று பெயர். 11ஆம் அதிகாரத்தில் எல்லாரும் காடைக்குப் போய்விடுகிறீர்கள். நடுவில் மோசே பேசுவதைக் கவனித்தீர்களா?

"இந்த மக்கள் அனைவரையும் நானா கருத்தரித்தேன்? நானா பெற்றெடுத்தேன்?" என்ற பொருளில் ஆண்டவரிடமே வெடிக்கிறார். இவ்வளவு பேருக்கு இறைச்சிக்கு நான் எங்கே போவேன், என்னால் சுமக்க முடியாது, இப்படித்தான் நடத்துவீர் என்றால் என்னைக் கொன்றுவிடும் என்கிறார். வார்த்தைக்கு வார்த்தை வைத்துப் பார்த்தால் மக்கள் சொன்னதைவிட இது குறைந்த முறையீடு இல்லை. ஆண்டவர் தண்டித்தாரா? இல்லை. 70 மூப்பர்களைக் கூட்டு, உன்மேல் உள்ள ஆவியில் எடுத்து அவர்களுக்கும் தருகிறேன், பாரத்தை அவர்கள் பகிர்ந்துகொள்வார்கள் என்றார். அப்புறமும் மோசே, ஆறு லட்சம் பேருக்கு ஒரு மாதம் இறைச்சியா, ஆடுமாடெல்லாம் அடித்தாலும் போதுமா என்று சந்தேகப்படுகிறார். "ஆண்டவரின் கை குறுகிவிட்டதா?" என்ற கேள்வி வருகிறது, அவ்வளவுதான்.

ஒரே அதிகாரத்தில் இரண்டு புலம்பல். ஒன்று வாதையில் முடிகிறது, இன்னொன்று உதவியில் முடிகிறது. மக்கள் எங்கே அழுதார்கள்? அவரவர் கூடார வாசலில். யாரிடம்? ஒருவருக்கொருவர். மோசே எங்கே அழுதார்? ஆண்டவரிடம். இணைச்சட்டம் (உபாகமம்) 1:27 காதேசு நிகழ்ச்சியைச் சொல்லும்போதும் "உங்கள் கூடாரங்களில்" முணுமுணுத்தீர்கள் என்கிறது. திருப்பாடல் (சங்கீதம்) 106ம் அதையே சொல்கிறது.

திருப்பாடல்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் புலம்பல்கள். "எதுவரை ஆண்டவரே" என்று கேட்பது நம்பிக்கையின்மை என்றால் தாவீதுக்கு முதலில் தண்டனை வந்திருக்க வேண்டும். கேட்டதல்ல பிரச்சினை, அவரை விலக்கி வைத்துவிட்டு அவரைப் பற்றிப் பேசியதுதான் என்று நினைக்கிறேன்.

கூடாரவாசி

அருள்_ஓடை அண்ணா, மிக்க நன்றி. நீங்கள் சொன்ன உபாகமம் 1:27ஐ எடுத்துப் பார்த்தேன். கூடாரங்களில் அவர்கள் என்ன சொன்னார்களாம்? "கர்த்தர் நம்மை வெறுத்து", எமோரியர் கையில் ஒப்புக்கொடுத்து அழிக்கத்தான் எகிப்திலிருந்து கொண்டுவந்தார் என்று. எத்தனை தடவை வாசித்திருப்பேன், இந்த வார்த்தை கண்ணில் பட்டதில்லை.

இந்த வசனத்தை வைத்துக்கொண்டு பின்னால் போனால் எல்லா இடத்திலும் இதேதான் இருக்கிறது. கடற்கரையில் "சாகும்படிக்கு எங்களைக் கொண்டுவந்தீர்". சீன் வனாந்தரத்தில், பட்டினியினால் கொல்லும்படி கொண்டுவந்தீர்கள். ரெவிதீமில், எங்களையும் பிள்ளைகளையும் மிருகஜீவன்களையும் தாகத்தால் கொல்லவா? காதேசில், பிள்ளைகள் கொள்ளையாவார்கள். கடவுளால் முடியுமா என்று அவர்கள் கேட்கவில்லை. அவரால் முடியும் என்று தெரியும், பத்து வாதையைப் பார்த்தவர்கள். அந்த வல்லமை நமக்கு எதிராகத் திரும்பிவிட்டது என்றுதான் பயந்தார்கள். கடலைப் பிளந்ததைப் பார்த்ததால் இந்தப் பயம் தீராது. பார்வோனுக்கும் வல்லமை இருந்ததே.

திராட்சைக்கொடி

சகோதரி, நல்ல கவனிப்பு. ஆனால் முழுதாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. சங்கீதம் 78:19 அவர்கள் கேட்டதை அப்படியே வைக்கிறது: "தேவன் வனாந்தரத்திலே போஜனபந்தியை ஆயத்தப்படுத்தக்கூடுமோ?" கன்மலையிலிருந்து தண்ணீர் வந்தது சரி, அப்பமும் தரமுடியுமா, மாம்சம் தரமுடியுமா என்கிறார்கள். இது வல்லமையைப் பற்றிய சந்தேகமேதான். காதேசில் பத்துப் பேர் சொன்னதும் "அவர்கள் நம்மைவிட பலவான்கள்" என்பதுதான். வெட்டுக்கிளிகளைப்போல் இருந்தோம் என்றார்கள். அங்கே கணக்கில் கர்த்தரே இல்லை.

உங்கள் வகுப்புப் பையனின் கேள்விக்கு வருகிறேன். பத்துப் பேரும் பொய் சொல்லவில்லை. எஸ்கோல் பள்ளத்தாக்கின் திராட்சைக்குலையை இரண்டு பேர் தடியில் தூக்கி வந்தார்கள், தேசம் நல்ல தேசம் என்று ஒத்துக்கொண்டார்கள். பட்டணங்கள் அரணானவை, ஏனாக்கியர் என்ற இராட்சதர்கள் இருக்கிறார்கள், அதுவும் உண்மை. காலேபும் அதே மதில்களைத்தான் பார்த்தான், அவை உயரமில்லை என்று சொல்லவே இல்லை. "கர்த்தர் நம்மேல் பிரியமாயிருந்தால்" என்று அவனும் யோசுவாவும் ஆரம்பித்தார்கள் (எண். 14:8). அந்த ஒரு சொல்லுக்காக சபை அவர்கள்மேல் கல்லெறியப் பார்த்தது.

கூடாரவாசி

ஐயா, "பிரியமாயிருந்தால்" என்று நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்களே! கூடாரங்களில் "வெறுத்து" என்றார்கள். காலேபும் யோசுவாவும் "பிரியமாயிருந்தால்" என்றார்கள். அதே மதில், அதே இராட்சதர்கள். அவர் நம்மை எப்படிப் பார்க்கிறார் என்பதில்தான் இரண்டு பக்கமும் பிரிந்தன. பையனிடம் இதைத்தான் சொல்லப்போகிறேன்.

திராட்சைக்கொடி

அந்த இரண்டு வசனத்தையும் பக்கத்தில் வைத்தால் உங்கள் பக்கம் பலம் இருக்கிறது, சரி. சங்கீதம் 78ஐயும் விடாமல் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே இருதயத்தில் இருக்க முடியும்.

யோர்தான்_கரை

யூத மரபில் இந்தத் தலைமுறையைப் பற்றி ஒரு பெரிய வாக்குவாதமே இருக்கிறது. ரபிமாரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் சன்ஹெத்ரின் பகுதியில், வனாந்தரத் தலைமுறைக்கு வரும் உலகத்தில் பங்கில்லை என்று ரபி அகிவா சொல்கிறார். ஆதாரம் எண்ணாகமம் 14:35. ரபி எலியேசர் மறுக்கிறார். பலியினால் உடன்படிக்கை செய்த என் பரிசுத்தவான்களை என்னிடத்தில் கூட்டுங்கள் என்ற சங்கீதம் 50:5 இவர்களைப் பற்றியது என்கிறார். அதே ஜனத்தைப் பற்றி இரண்டு ஆசான்கள், இரண்டு வசனம். மிஷ்னா இருவர் வார்த்தையையும் அருகருகே வைத்திருக்கிறது.

12ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிடெஸ், ஓரேப் அண்ணன் சொன்ன அதே யாத். 13:17ஐ எடுத்து, சேற்றிலும் செங்கலிலும் வளர்ந்தவன் கையைக் கழுவிவிட்டு அன்றைக்கே இராட்சதர்களோடு சண்டைக்குப் போவது மனித சுபாவத்தில் இல்லை என்று விளக்குகிறார்.

எரேமியா 2:2ஐயும் மறக்கக் கூடாது. விதைக்கப்படாத தேசமாகிய வனாந்தரத்தில் நீ என்னைப் பின்பற்றிவந்த உன் இளவயதின் பக்தியை நினைத்திருக்கிறேன் என்று கர்த்தர் சொல்கிறார். இதே 40 வருஷத்தைப் பற்றித்தான்! சங்கீதம் 95 அந்த வருஷங்களை அரோசிப்போடு நினைக்கிறது, எரேமியா அவற்றை மணவாட்டியின் நேசமாக நினைக்கிறார். ஒன்று உண்மை, இன்னொன்று பொய் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. முறுமுறுத்தார்கள், ஆனாலும் மேகம் எழும்பியபோதெல்லாம் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போனார்கள். எகிப்துக்குத் திரும்பிப்போவோம் என்று எவ்வளவோ பேசினார்கள், போகவில்லை.

விடியல்_தேடி

இந்தக் கடைசி வரியை வைத்துக்கொள்கிறேன். பேசினார்கள், போகவில்லை. என்னோடு இருக்கிற குடும்பங்களிலும் பலர் அப்படித்தான்.

ஓரேப்_வாசகன்

அடுத்த தலைமுறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஓரேபிலிருந்து காதேஸ் பர்னேயாவுக்கு 11 நாள் பயணம் (உபா. 1:2). காதேசிலிருந்து சேரேத் ஆற்றைக் கடக்க 38 வருஷம் (உபா. 2:14). அந்த 38 வருஷத்தைப் பற்றி வேதம் ஏறக்குறைய ஒன்றுமே சொல்வதில்லை. எண்ணாகமம் 33ல் பாளயமிறங்கின ஊர்களின் பெயர்கள் மட்டும் வருகின்றன.

அதன்பின் எண். 20ல் பிள்ளைகள் பெரியவர்களாகி நிற்கிறார்கள். மிரியாம் இறந்துவிட்டாள். தண்ணீர் இல்லை. அப்பாக்கள் பேசிய அதே பேச்சு: ஏன் இந்த வனாந்தரத்துக்குக் கொண்டுவந்தீர்கள், இங்கே அத்திமரமும் இல்லை, திராட்சச்செடியும் இல்லை. 21ல் மன்னாவை அற்பமான உணவு என்று வெறுக்கிறார்கள், கொள்ளிவாய்ச் சர்ப்பங்கள் வருகின்றன. ஆகவே புதிய தலைமுறை புது இருதயத்தோடு பிறந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது.

ஆனால் அதே 21ஆம் அதிகாரத்தில் கொஞ்சம் தள்ளி பேயேர் என்ற இடம். யாரும் தண்ணீர் கேட்டதாக எழுதப்படவில்லை. கர்த்தரே மோசேயிடம், ஜனங்களைக் கூடிவரச்செய், தண்ணீர் கொடுப்பேன் என்கிறார். ஜனம் "ஊற்றுத்தண்ணீரே, பொங்கிவா" என்று பாடுகிறது. அதிபதிகள் தங்கள் தண்டாயுதங்களால் கிணற்றைத் தோண்டுகிறார்கள். செங்கடல் பாட்டு தண்ணீரைத் தாண்டி முடித்த பிறகு வந்தது. இங்கே கிணற்றைப் பார்த்துப் பொங்கிவா என்று பாடுகிறார்கள். 40 வருஷத்தில் நகர்ந்த தூரம் இவ்வளவுதான் என்று யாராவது சொன்னால், இவ்வளவு நகர்ந்ததே பெரிது என்பேன்.

கூடாரவாசி

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. இந்த வாரம் எண். 11ஐ மோசேயின் ஜெபத்திலிருந்து தொடங்கி, அப்புறம் 14க்குப் போகலாம் என்று நினைக்கிறேன். அடுத்த வாரம் 20. அங்கே எனக்கு ஏற்கெனவே ஒரு நெருடல். ஜனம் வாக்குவாதம் பண்ணுகிறது, ஜனத்துக்குத் தண்டனை இல்லை, தண்ணீர் பொங்கி வருகிறது. கன்மலையை இரண்டு தரம் அடித்த மோசேயும் ஆரோனும் மட்டும் தேசத்துக்குள் போகக்கூடாது. இதை எப்படி விளக்குவது?

திராட்சைக்கொடி

சகோதரி, அதற்கு மூன்று இடங்களைச் சேர்த்து வாசியுங்கள். சங்கீதம் 106:32-33 ஜனம் மோசேயின் ஆவியை விசனப்படுத்தியதால் அவர் உதடுகளினால் பதறிப்பேசினார் என்கிறது. உபாகமம் 3:26ல் மோசேயே "உங்கள் நிமித்தம்" என்று ஜனத்திடம் சொல்கிறார். ஆனால் எண். 20:12ல் கர்த்தர் சொல்லும் காரணம், நீங்கள் என்னை விசுவாசியாமற்போனீர்கள் என்பது. ஜனத்தின்மேல் சொன்ன அதே குற்றம்தான் மோசேமேலும் சொல்லப்படுகிறது. 80 வயதில் அனுப்பப்பட்டு, ஆண்டவரோடு முகமுகமாய்ப் பேசினவருக்கு.

இது ஒரு பதிவில் முடிகிற காரியமில்லை. தனி இழையாகத் தொடங்குங்கள். அருள்_ஓடை தம்பியும் வரட்டும், எண். 11 மோசேயையும் எண். 20 மோசேயையும் பக்கத்தில் வைத்துப் பேசலாம்.